ஸ்பெஷல் கிளாஸ் தண்டனை இல்லை!



தேர்வுத் தாள் கொடுத்து முடித்ததும், பல பள்ளிகளில் ஒரு பட்டியல் வாசிப்பார்கள். "இவங்க எல்லாம் சாயங்காலம் ஸ்பெஷல் கிளாசுக்கு இருக்கணும்!" பெயர் வந்தவர்கள் தலையைக் குனிந்து கொள்வர். மற்றவர்களில் சிலர், "மக்கு கிளாஸ்... மக்கு கிளாஸ்..." என்று கிண்டல் செய்வர். இதற்குப் பயந்தே, வயிற்று வலி என்று சொல்லி வீட்டுக்கு ஓடிவிடும் பிள்ளைகளும் உண்டு.

அந்த வகுப்பு எதற்கு என்று தெரிந்தால், நீங்கள் ஓடவும் மாட்டீர்கள். கிண்டல் செய்யவும் மாட்டீர்கள்!

ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனிடம், அரையையும் மூன்றில் ஒரு பங்கையும் கூட்டச் சொல்கிறார் ஆசிரியர். அவனோ, மேலே உள்ளதை மேலேயும், கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டி, 'ஐந்தில் இரண்டு' என்கிறான். அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால், அரையை விடக் குறைந்து போகுமா? யோசித்துப் பாருங்கள்! சரியான விடை, ஆறில் ஐந்து.

ஏன் தப்பு வந்தது? போன வருடம் பின்னக் கணக்கு நடத்தியபோது, அவனுக்கு அம்மை போட்டு மூன்று வாரம் லீவு. நூல் அறுந்த இடம் அதுதான். 40 பேர் உள்ள வகுப்பில், அந்த இடத்தைத் தேடிப் பிடிக்க ஆசிரியருக்கு நேரம் கிடைக்காது. ஏழெட்டுப் பேர் மட்டும் இருக்கும் ஸ்பெஷல் கிளாசில் பிடித்துவிடலாம்.

கொரோனாவால், 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. லட்சக்கணக்கான பிள்ளைகளுக்குப் பாடம் விட்டுப் போனது. அதை ஈடுகட்டத்தான், 2021ல் தமிழக அரசு, 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தைத் தொடங்கியது. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை படித்தவர்களுக்கு, அவர்கள் தெருவுக்கே வந்து தன்னார்வலர்கள் சொல்லிக் கொடுத்தனர். அதுவும் ஒரு ஸ்பெஷல் கிளாஸ்தானே! அவர்களை யாராவது 'மக்கு' என்றார்களா? பாடம் விட்டுப் போவது வேறு. அறிவு இல்லை என்பது வேறு.

இன்னொரு விஷயம்... 2009ல் வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? ஒவ்வொரு பிள்ளையின் கற்கும் திறனையும் அறிந்து, தேவைப்பட்டால் கூடுதலாகச் சொல்லிக் கொடுப்பது ஆசிரியரின் கடமை என்கிறது. அப்படியானால், அது உங்கள் உரிமை. கேட்டு வாங்க வெட்கம் எதற்கு?

அந்த வகுப்பில், "ஒண்ணுமே புரியலை சார்" என்று நிறுத்திவிடாதீர்கள். "இந்த வரி வரைக்கும் புரியுது, இதுக்கு அப்புறம்தான் புரியலை" என்று சொல்லிப் பாருங்கள். ஆசிரியரின் பாதி வேலை முடிந்துவிடும்!

நன்றாகப் படிப்பவர்களே... நண்பனின் பெயர் பட்டியலில் வந்தால் சிரிக்காதீர்கள். மறுநாள் அவனோடு உட்கார்ந்து ஒரு கணக்குப் போடுங்கள்.

பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். விளையாட்டுப் பீரியடைப் பிடுங்கி இந்த வகுப்பை நடத்தாதீர்கள். அப்படி நடத்தினால், பிள்ளைகளுக்கு அது தண்டனையாகத்தான் தெரியும்.

அடுத்த முறை பட்டியலில் உங்கள் பெயர் வந்தால், தலை குனியாமல் முதல் பெஞ்சில் போய் உட்காருங்கள். என்ன செல்லங்களே, செய்வீர்கள்தானே?