ஊர் திரும்பும்வரை வாழ்வைத் தள்ளிப்போடலாமா?

இடம்பெயர்ந்து வாழும் எமது குடும்பங்களில் அடிக்கடி கேட்கும் வார்த்தை ஒன்று உண்டு. "எல்லாம் ஊருக்குப் போன பிறகு பார்ப்போம்" என்பதே அது. பிள்ளையின் படிப்பா, தோட்டமா, தொழிலா, எதற்கும் இதே பதில். பெரியவர்கள் இதைச் சொல்லும்போது அதற்குள் மண்மீதுள்ள பாசம் இருக்கிறது. ஆனால் பதினெட்டு, இருபது வயதுப் பிள்ளைகளும் இதையே சொல்லத் தொடங்கும்போது நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். ஏனெனில் காத்திருப்பு இரண்டு ஆண்டா இருபது ஆண்டா என்பது எவர் கையிலும் இல்லை. வயதோ எவருக்காகவும் காத்திருப்பதில்லை.

1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறியவர்கள் சில வாரங்களில் திரும்பலாம் என்றே நம்பினார்கள். அவர்களில் பலருடைய காணிகள் இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் கழிந்த பின்னரே துண்டு துண்டாக விடுவிக்கப்பட்டன. அதே ஆண்டு ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் சகோதரர்களின் பிள்ளைகள் புத்தளத்திலேயே வளர்ந்து ஆளானார்கள். 2009இல் வன்னியிலிருந்து செட்டிகுளம் மனிக் பாம் முகாம்களுக்கு வந்தவர்களில் இறுதித் தொகுதியினர் 2012 செப்ரெம்பரில் அங்கிருந்து வெளியேறினர். அப்போதும் கேப்பாப்பிலவு மக்களுக்கு மாற்றிடமே கிடைத்தது. சொந்த நிலம் கிடைக்கவில்லை. 1990இல் தறப்பாள் கொட்டிலில் பிறந்த குழந்தை இன்று முப்பது வயதைக் கடந்துவிட்டது. அந்தப் பிள்ளை தன் வாழ்வைத் திட்டமிட ஊர் திறக்கும்வரை காத்திருந்தால், இளமை முழுவதையும் அல்லவா இழந்திருக்கும்?

இந்தக் கேள்வி விவிலியத்துக்குப் புதியதல்ல. கி.மு. 597இல் எருசலேமிலிருந்து பாபிலோனுக்குக் கொண்டுசெல்லப்பட்ட மக்களுக்கு இறைவாக்கினர் எரேமியா ஒரு மடல் எழுதினார். இருக்கும் இடத்தில் வீடு கட்டுங்கள், தோட்டமிட்டு அதன் பலனை உண்ணுங்கள், குடும்பமாகப் பெருகுங்கள், நீங்கள் வாழும் நகரின் நலனுக்காகவும் மன்றாடுங்கள் என்பது அதன் சாரம் (எரேமியா 29). அதே காலத்தில் அனனியா என்பவர் இரண்டு ஆண்டுகளில் எல்லாரும் திரும்பிவிடலாம் என்று முழங்கினார். மக்களுக்கு அவருடைய பேச்சே இனித்தது. எரேமியாவோ எழுபது ஆண்டுகள் என்றார். இனிப்பான பொய்யைவிடக் கசப்பான உண்மையே மக்களை வாழவைத்தது.

அப்படியானால் ஊரை மறந்துவிடு என்கிறாரா எரேமியா? இல்லை. 32ஆம் அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள். பாபிலோன் படை எருசலேமைச் சூழ்ந்து நிற்கிறது. எரேமியா காவலில் இருக்கிறார். அந்த நேரத்தில் தமது ஊராகிய அனதோத்தில் பதினேழு செக்கேல் வெள்ளிக்கு ஒரு நிலத்தை வாங்குகிறார். சாட்சிகள் ஒப்பமிடுகிறார்கள். உறுதிப் பத்திரங்கள் நெடுநாள் பழுதாகாதிருக்க மண்பானையில் வைக்கப்படுகின்றன. இந்த மண்ணில் மறுபடியும் வீடும் வயலும் வாங்கப்படும் என்பதற்கு அது அடையாளம். காணி உறுதியைப் பொலித்தீன் பையில் சுற்றி, ஓடிய இடமெல்லாம் மார்போடு அணைத்துச் சென்ற எமது தாய்மாருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இங்கே நடுவதும் அங்குள்ள உறுதியைக் காப்பதும் ஒன்றுக்கொன்று பகை அல்ல. இரண்டையும் ஒருசேரச் செய்பவரே நம்பிக்கை உள்ளவர் என்பது எமது உறுதியான கருத்து.

இனி, இளம் கிறிஸ்தவர் ஒருவர் வளர்ச்சி என்பதை எப்படி விளங்கிக்கொள்வது? வயது கூடுவது வளர்ச்சி ஆகாது. சான்றிதழ்கள் சேர்வதும் முழு வளர்ச்சி ஆகாது. இயேசுவும் ஏரோதுக்குப் பயந்து எகிப்துக்குக் கொண்டு ஓடப்பட்ட குழந்தைதான். அவர் ஞானத்திலும் உடலிலும் வளர்ந்தார், கடவுளுக்கும் மனிதருக்கும் உகந்தவராக வாழ்ந்தார் என்று லூக்கா எழுதுகிறார். தச்சுத் தொழில் செய்தார். பணியைத் தொடங்கியபோது அவருக்கு ஏறக்குறைய முப்பது வயது. அந்த நீண்ட ஆண்டுகளை எவரும் வீணான காலம் என்று சொல்வதில்லை.

இதில் நான்கு பக்கங்கள் இருக்கின்றன. அறிவு வளர வேண்டும். உடல் உழைப்புக்குப் பழக வேண்டும். நிவாரண வரிசையில் நின்று நின்று உழைப்பை மறந்த கை, வயல் திரும்பக் கிடைத்தாலும் மண்வெட்டி பிடிக்காது. இறைவனோடுள்ள உறவு வளர வேண்டும். துன்பத்தைக் கண்டு கோபித்துக் கேள்வி கேட்கும் செபமும் செபமே, எரேமியாவும் அப்படித்தான் மன்றாடினார். மனிதரோடுள்ள உறவும் வளர வேண்டும். ஒரே குழாயடியில் தண்ணீர் எடுத்து, ஒரே பாயில் படுத்தெழும்பிய நாம், சற்று வசதி வந்ததும் மறுபடி சாதி பார்த்து வேலி போடுவோமானால் வளர்ந்தோம் என்று எப்படிச் சொல்வது?

வளர்ச்சிக்குக் குறிக்கோள் தேவை. குறிக்கோள் வகுப்பது கமக்காரருக்குத் தெரியாத கலை அல்ல. இரணைமடுக் குளத்தின் கீழ் சிறுபோகம் செய்வதற்கு முன்னர் பயிர்ச்செய்கைக் கூட்டம் கூடுகிறது. குளத்தில் நிற்கும் நீரைப் பார்த்து எத்தனை ஏக்கர் விதைப்பது, எந்தத் திகதிக்குள் விதைப்பது, வாய்க்காலில் நீர் எப்போது விடுவது என்று முடிவு செய்கிறார்கள். நீர் குறைந்த ஆண்டில் விதைக்கும் பங்கும் குறையும். நெல்லுக்கு நீர் போதாவிட்டால் உழுந்து, பயறு, கௌபி போன்றவற்றைப் போடுவார்கள். குளம் நிரம்பட்டும் என்று வானத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால் போகம் தவறிவிடும். கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று இயேசு சொன்னதும் இதைத்தான்.

வாழ்வுக்கும் இதே கணக்குத்தான். "பெரிய ஆளாக வருவேன்" என்பது ஆசை. "கணிதத்தில் சித்தியடையவில்லை, அடுத்த சாதாரண தரப் பரீட்சையில் அதை மீண்டும் எழுதுவேன், அதற்காக ஒவ்வொரு நாளும் ஒரு மணிநேரம் படிப்பேன்" என்பது குறிக்கோள். "இந்த மாரிக்குள் இரவல் காணியில் கால் ஏக்கர் உழுந்து போடுவேன்", "நீரிறைக்கும் இயந்திரம் திருத்தப் பழகுவேன்" என்பனவும் குறிக்கோள்களே. சாதாரண தரத்தில் தவறியோருக்கும் தேசிய தொழில் தகைமைப் பயிற்சிகளுக்கான வழி திறந்திருக்கிறது. உயர்தரத்தில் விவசாய விஞ்ஞானம் பயில்வோருக்கு வவுனியா விவசாயக் கல்லூரியும், கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் உண்டு.

இன்னுமொரு குறிக்கோளை எல்லா இளைஞர், யுவதிகளுக்கும் நாம் முன்வைக்கிறோம். முகாமில் பிறந்து வளர்ந்த பலர் தமது காணியைக் கண்டதே இல்லை. அதன் எல்லை எது, கிணறு எங்கே, எந்தத் துண்டில் எந்தப் பயிர் வாய்க்கும், மாரிவெள்ளம் எந்தப் பக்கம் வடியும் என்பவை பாட்டன், பாட்டியின் நினைவில் மட்டுமே இருக்கின்றன. அவர்களோடு உட்கார்ந்து ஒரு கொப்பியில் எழுதுங்கள், படம் வரையுங்கள். உறுதி தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்திலும், அனுமதிப்பத்திரக் காணியாயின் பிரதேச செயலகத்திலும் விசாரியுங்கள். இதுவே எமது காலத்து மண்பானை.

வெளிநாடு போவதே பலருக்கு ஒரே குறிக்கோளாகிவிட்டதையும் நாம் அறிவோம். போகிறவர்களைக் குறைகூற எமக்கு உரிமையில்லை. ஆனால் 2012இல் நகையை விற்றும் காணியை ஈடுவைத்தும் அவுஸ்திரேலியாவுக்குப் படகேறியவர்களில் எத்தனையோ பேர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். கடன் மட்டும் குடும்பத்தில் தங்கியது. மற்றவர் பணத்திலும் முகவர் வாக்கிலும் முழுக்கத் தங்கியுள்ள திட்டம், குளத்தைப் பாராமல் விதைத்த வயலுக்கு ஒப்பானது.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பாதுகாப்பில்லை என்ற பயத்தில் பெண்பிள்ளையின் படிப்பை நிறுத்தி, அவசரமாக மணமுடித்து வைக்கும் வழக்கம் பல இடங்களில் இருந்திருக்கிறது. பயம் நியாயமானதே. ஆனால் தொழில் தெரிந்த பெண்ணே நாளை குடும்பத்தைத் தாங்குவாள் என்பதைப் போர் எமக்குப் போதிய அளவு காட்டிவிட்டது.

திருச்சபைக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் இதில் பங்குண்டு. ஒருநாள் கருத்தரங்கு, மதிய உணவுப் பொதி, குழுப் படம் என்பவற்றோடு இளைஞர் பணி முடிந்துவிடக் கூடாது. பெல்ஜிய நாட்டுக் குருவான யோசேப் கார்டைன் இளம் தொழிலாளருக்குக் கற்பித்த "பார், ஆய்ந்து தீர்மானி, செயற்படு" என்ற முறையை 1961இல் பாப்பரசர் 23ஆம் அருளப்பர் தமது சுற்றுமடலில் பரிந்துரைத்தார். பங்கு இளைஞர் குழுக்கள் அதைக் கையில் எடுக்கட்டும். ஒவ்வொருவரும் தம் நிலையைப் பார்த்து, நற்செய்தியின் ஒளியில் ஆய்ந்து, ஒரு போகத்துக்கு ஒரு குறிக்கோள் வகுக்கட்டும். அறுவடை முடிந்ததும் மீண்டும் கூடி, எது விளைந்தது, எது கருகியது என்று ஒளிக்காமல் பேசட்டும். கருகியதற்காக எவரையும் ஏளனம் செய்யாதிருப்பதும் அந்தக் கூட்டத்தின் சட்டமாக இருக்கட்டும்.

ஊர் திரும்பும் உரிமையை நாம் ஒருபோதும் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. அந்த நாள் வரும்போது அங்கே போய் இறங்க வேண்டியவர்கள், படிப்பும் தொழிலும் தெளிவும் உள்ள மனிதர். அவர்களை உருவாக்கும் வேலைக்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை. அது இன்றே, இந்தக் கொட்டிலிலேயே தொடங்கக்கூடியது.