பயிற்றுநரும் புள்ளிக் கணக்கும்

விளையாட்டு விழாவுக்கு மூன்று வாரம் இருக்கும்போதுதான் நம் பாடசாலைகளுக்குப் பயிற்றுநரின் நினைவு வருகின்றது. இல்லத்துக்குப் புள்ளி சேர்ப்பதே அப்போது நோக்கம், மாணவனை வளர்ப்பதன்று. தமிழாசிரியனாகிய எனக்கு இதுபற்றிப் பேச என்ன தகுதி என்று அன்பர்கள் வினவலாம். குற்றம் புரிந்தவன் என்னும் தகுதி உண்டு.

முன்னர் யான் பணியாற்றிய பாடசாலையொன்றில் ஓர் இல்லம் என் பொறுப்பில் இருந்தது. உயரம் பாய்தலில் இயல்பாகவே வல்ல சிறுவன் ஒருவன் அவ்வில்லத்திற் சேர்ந்திருந்தான். புள்ளி ஆசையால் அவனை நீளம் பாய்தல், தடைதாண்டல், அஞ்சலோட்டம் யாவற்றிலும் சேர்த்தேன். கணுக்கால் நோகின்றது என்றான். "இன்று ஒருநாள் பொறுத்துக்கொள், தம்பி" என்றேன். கேடயம் எமக்கே கிடைத்தது. அவன் அதன்பின் பாயவேயில்லை.

யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி ஈன்ற நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1952 இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கிற் பங்குபற்றினார். ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கையின் முதற் தங்கப் பதக்கத்தை அவர் வென்றது 1958 இல், டோக்கியோவில், 2.03 மீற்றர் பாய்ந்து. இடையில் ஆறு ஆண்டுகள்! நாமோ மூன்று வாரத்தில் வீரனைக் காண விழைகின்றோம்.

அவர் பயின்ற லொஸ் ஏஞ்சலிஸ் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் டிரேக் என்றொரு பயிற்றுநர் இருந்தார். 1960 இல் ரோம் ஒலிம்பிக்கில், பத்து நிகழ்ச்சிகள் கொண்ட டெக்கத்லன் போட்டியில் முதலிடத்துக்குப் பொருதிய அமெரிக்கர் றேபர் ஜோன்சனும் தாய்வான் வீரர் யாங்கும் அவருடைய மாணவர்களே. இறுதி நிகழ்ச்சி 1500 மீற்றர் ஓட்டம். யாங்கை விட்டு விலகாதே என்று ஜோன்சனுக்கும், அவரைப் பின்தள்ளி ஓடு என்று யாங்குக்கும் டிரேக் தனித்தனியே கூறினார். ஜோன்சன் 58 புள்ளிகளால் வென்றார். புள்ளிக் கணக்கு அங்கும் இருந்ததுதான். எனினும் அக்கணக்குக்காக ஒருவனை மற்றவனுக்குப் பலியிட அவர் துணியவில்லை. இருவருக்கும் அவரவர்க்கு உரியதையே கொடுத்தார்.

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பிள்ளைகளுக்கு மைதானமே அரிது. மாலைப்பொழுதையோ ரியூசன் விழுங்கிவிடுகின்றது. ஆகவே, நிறைவிழா நினைவாக வெள்ளிக் கேடயம் வழங்க எண்ணும் பழைய மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். அப்பணத்தை ஒரு பயிற்றுநரின் ஓராண்டு வேதனத்துக்கு உதவுங்கள். ஆண்டு முழுவதும் அவர் மாணவரோடு இருக்கட்டும். "இன்று நீ ஓடவேண்டாம்" என்று அவர் கூறின், அதனை மீறும் அதிகாரம் என்போன்ற இல்ல ஆசிரியர் எவருக்கும் இருத்தலாகாது.