மாலையிற் சோரும் இமை

காலையில் நன்கு திறந்திருந்த கண்ணிமை மாலையில் தானே சரிகிறது. உணவை மெல்லும் வாய் பாதியிலேயே களைத்துவிடுகிறது. சற்று ஓய்ந்தால் வலிமை மீள்கிறது. இதனைச் சோம்பல் என்று கடிந்துகொள்ளும் பெற்றோரும் உளர். மூக்குக்கண்ணாடியை மாற்றிப் பார்ப்போரும் உளர். குறையோ கண்ணில் இல்லை. நரம்பின் கட்டளை தசையைச் சேரும் சந்தியில் உள்ளது. 'மயஸ்தீனியா கிராவிஸ்' எனப்படும் இந்நோய் மருந்தினால் தணியும் என்பதை 1934ஆம் ஆண்டில் இலண்டனில் மேரி வோக்கர் என்னும் பெண் வைத்தியர் காட்டினார்.

ஆதலின், குடும்ப வைத்தியரிடம் கடிதம் பெற்று நரம்பியல் நிபுணரை நாடுங்கள்; கொழும்புத் தேசிய வைத்தியசாலையில் அதற்கெனத் தனிப்பிரிவு உண்டு. எந்நேரத்தில் எவ்வுறுப்புச் சோர்ந்தது என்று நாள்தோறும் குறித்து எடுத்துச் செல்லுங்கள். காலையிற் பார்க்கும் நிபுணருக்கு மாலைக் குறையைக் காட்டுவது அக்குறிப்பே. மூச்சுவிடுவதோ விழுங்குவதோ கடினமாயின், நிபுணரைத் தேடி நில்லாது அருகிலுள்ள வைத்தியசாலைக்கு உடனே விரையுங்கள்.