தோட்டத்து இரயிலும் தோழமையும்

நட்பு எவ்வாறு தோன்றுகிறது என்று கேட்டால், மனமொத்த இருவர் சந்தித்தால் அது தானே மலரும் என்று பலர் விடை சொல்வர். மலரலாம். ஆனால் மலர்ந்த நட்பு வாடாமலிருக்க மனம் மட்டும் போதுமா? போதாது என்பது என் கருத்து. இருவரும் சேர்ந்து செய்ய ஒரு வேலை வேண்டும். இருவரும் ஒப்புக்கொண்ட ஒரு பொது அளவு வேண்டும். இதற்கு நான் காட்டப்போகும் சான்று சிலருக்குச் சிரிப்பை வரவழைக்கலாம். வளர்ந்த மனிதர்கள் ஒன்றுகூடி, வீட்டுத் தோட்டத்தில் சிறிய இரயில் வண்டிகளை ஓட்டி மகிழும் பொழுதுபோக்கே அச்சான்று.

பிரிட்டன், ஜெர்மனி, அமெரிக்கா போன்ற நாடுகளில் இப்பொழுதுபோக்கில் ஈடுபட்டோர் பலர். பூச்செடிகளுக்கிடையே தண்டவாளம் பதித்து, மண்ணைக் குவித்து மலையாக்கி, பாலமும் நிலையமும் கட்டி வைத்திருப்பார்கள். விடுமுறை நாளில் யாரேனும் ஒருவர் வீட்டில் நண்பர்கள் கூடுவர். வருகிறவர்கள் தத்தம் எஞ்சினைப் பெட்டியில் பத்திரமாக வைத்துக் கொண்டுவருவர். மாலைவரை வண்டிகள் ஓடும். பேச்சும் தேநீரும் அவற்றோடு சேர்ந்தே ஓடும்.

“பொம்மை வைத்து விளையாடும் வயதா இது?” என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? கேட்பதற்குமுன் இவ்விளையாட்டின் அமைப்பைச் சற்று எண்ணிப் பார்ப்போம்.

1891-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனம் பொம்மை இரயில் பாதைகளுக்கு எண்ணிட்டு அகலங்களை வகுத்தது. அவற்றுள் 1-ஆம் எண் பாதையின் அகலம் 45 மில்லிமீட்டர். 1968-இல் லேமான் என்னும் மற்றொரு ஜெர்மானிய நிறுவனம் வெயிலையும் மழையையும் தாங்கும் தோட்டத்து இரயிலை ‘எல்.ஜி.பி.’ என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, புதிய அகலம் ஒன்றைத் தேடி அலையவில்லை. அதே 45 மில்லிமீட்டரையே எடுத்துக்கொண்டது.

இதன் பயனைப் பாருங்கள். உண்மை இரயிலை 32-இல் ஒரு பங்காகக் குறைத்துச் செய்தால், உலகில் மிகப் பரவலான 1,435 மில்லிமீட்டர் பாதை 45 மில்லிமீட்டர் ஆகும். 22.5-இல் ஒரு பங்காகக் குறைத்தால், தென்னாட்டில் நம் பாட்டன்மார் பயணம் செய்த மீட்டர் கேஜ் பாதை ஏறக்குறைய அதே அகலத்துக்கு வந்துவிடும். அமெரிக்க மலைகளில் ஓடிய 3 அடிப் பாதைக்கு 20.3-இல் ஒரு பங்கு. ஆகவே ஆல்ப்ஸ் மலை வண்டியும், ஆங்கிலேய விரைவு வண்டியும், கொலராடோ சுரங்க வண்டியும் ஒரே தண்டவாளத்தில் ஒன்றன்பின் ஒன்றாக ஓடலாம். ஒன்று உயரம், மற்றொன்று குள்ளம். ஒன்று மின்சாரம், மற்றொன்று நீராவி. வேற்றுமை எத்தனை இருப்பினும் சக்கரங்களின் இடைவெளி ஒன்று. நட்புக்கும் இதுவே இலக்கணம் என்பேன். எல்லாவற்றிலும் ஒத்திருப்பவரைத் தேடினால் வாழ்நாள் தீர்ந்துவிடும். ஏதேனும் ஒன்றில் உறுதியாக ஒத்து, மற்றவற்றில் அவரவர் உயரத்தோடும் நிறத்தோடும் இருக்க விடுவதே நட்பு.

அடுத்து, அங்கு நடக்கும் வேலையைப் பார்ப்போம். வீட்டுக்குள் மேசைமேல் ஓடும் இரயிலுக்கு மழையில்லை, மண்ணில்லை. தோட்டத்து இரயிலுக்கோ இரண்டும் உண்டு. மழையில் மண் இறங்கித் தண்டவாளம் கோணும். இலைகள் உதிர்ந்து வழியை மறைக்கும். ஒருவர் ரசமட்டம் வைத்துப் பார்க்க, மற்றொருவர் பாதையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். மெய்யான நீராவியால் ஓடும் சிறு எஞ்சினாயின், கொதிகலனில் நீர் ஊற்றி, எண்ணெய் இட்டு, எரிவாயுவையோ எரிசாராயத்தையோ பற்றவைத்து, அழுத்தம் ஏறும்வரை காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பில்தான் உடல்நலம், பிள்ளைகள் படிப்பு, வீட்டுக் கவலை எல்லாம் பேசப்படுகின்றன. நேருக்குநேர் அமர்ந்தால் வாய் திறக்காத மனிதரும், கையில் வேலையும் கண்முன் ஒரு பொருளும் இருந்தால் மனம் திறந்து விடுகிறார். வானொலிக் கட்டுப்பாடு இல்லாத நீராவி வண்டி இறக்கத்தில் வேகமெடுத்து ஓடும். ஆகையால் எதிர் வளைவில் ஒரு நண்பர் நின்று பார்த்துக்கொள்வார். ‘உன் வண்டி என் பக்கம் வந்தால் நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்னும் அந்த உறுதியைவிட நட்புக்கு வேறு என்ன விளக்கம் வேண்டும்?

பதவியின் உயர்வு தாழ்வும் இங்கே கரைந்து போகிறது. வால்ட் டிஸ்னியை அறியாதார் யார்? அவரிடம் ஊதியம் பெற்ற ஓவியர் வார்ட் கிம்பால் 1938-இலேயே உண்மையான இரயில் எஞ்சின் ஒன்றை வாங்கித் தம் வீட்டு நிலத்தில் நிறுத்தியவர். மற்றோர் ஓவியர் ஆலி ஜான்ஸ்டன் தம் தோட்டத்தில் சிறிய நீராவி இரயில் அமைத்தவர். 1948-இல் டிஸ்னி கிம்பாலுடன் சிகாகோ இரயில் கண்காட்சிக்குப் பயணம் போனார். பின்னர்த் தம் நிறுவனத்தின் இயந்திரக்கூடத்தில், ரோஜர் பிராகியிடம் தொழில் கற்று, எஞ்சின் உறுப்புகள் சிலவற்றைத் தம் கையாலேயே செய்தார். முதலாளி, தம் தொழிலாளியிடம் மாணவரானார்! 1950-இல் மனைவியின் பெயரால் ‘லில்லி பெல்’ என்னும் அவருடைய எஞ்சின் வீட்டுத் தோட்டத்தில் ஓடத் தொடங்கியது. கிம்பாலின் பாதை 3 அடி அகலம். டிஸ்னியின் பாதை ஏழேகால் அங்குலம். ஆகவே பொது அளவு என்று நான் சொல்வது மில்லிமீட்டரை மட்டுமன்று. இருவரும் சமமாக மதிக்கும் ஒரு பொருளையே சொல்கிறேன். 1953-இல் விபத்தொன்றுக்குப் பின் டிஸ்னி தம் தோட்டத்து ஓட்டத்தை நிறுத்திவிட்டார். ஆயினும் அவர் வேலை செய்த மரக்கொட்டகை லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் கிரிஃபித் பூங்காவில் இன்றும் காக்கப்பட்டு நிற்கிறது.

இப்பொழுதுபோக்கில் குறையே இல்லையா? உண்டு. செலவு மிகுதி, தோட்டத்துக்கு இடமும் வேண்டும். ஆனால் சொந்தப் பாதை இல்லாதவர் ஓர் எஞ்சினோடு வந்து நண்பர் பாதையில் ஓட்டுகிறார். பாதை உள்ளவருக்கோ ஓட்ட ஆள் வேண்டியிருக்கிறது. இல்லாதவர் உள்ளவருக்குத் தேவையாகும் இடம் உலகில் எத்தனை உண்டு? மற்றொரு குறையை நான் மறுக்கமாட்டேன். இக்கூட்டங்களில் நரைத்த தலைகளே மிகுதி. இளைஞரும் பெண்களும் குறைவு. கட்டுப்பாட்டுக் கருவியை இளையோர் கையில் கொடுக்காத கூட்டம், தன் பாதையைத் தானே பெயர்த்துக்கொள்ளும் கூட்டமாகும். 2006-இல் லேமான் நிறுவனம் நொடித்து, 2007-இல் எல்.ஜி.பி. மார்க்லினின் கைக்குப் போயிற்று. நிறுவனம் நொடித்தும் 45 மில்லிமீட்டர் பாதை நொடிக்கவில்லை. அதில் ஓட்டும் மனிதர்கள் இருந்தார்கள். மனிதர் அற்றுப்போனால் எந்த நிறுவனத்தாலும் அதைக் காக்க முடியாது.

மாணவ நண்பர்களே! மூன்றாண்டுகள் ஒரே வகுப்பில் அமர்ந்த நாம் விடைபெறும் நாளில் ‘மறவாதே’ என்று கையெழுத்திட்டுக் கொள்கிறோம். வள்ளுவர் நட்புக்குப் பின், நாள்பட்ட நட்பின் உரிமையைப் பேசப் ‘பழைமை’ என்று தனி அதிகாரமே வகுத்தார். அந்தப் பழைமை கையெழுத்தினால் வாராது. மீண்டும் மீண்டும் கூடுவதனால் வரும். மீண்டும் கூடுவதற்கு ஒரு காரணம் வேண்டாமா? நமக்கு இரயில் வேண்டுவதில்லை. கைப்பந்தாட்டமோ, நூலகமோ, நாடகக் குழுவோ, மரம் வளர்ப்போ எதுவாயினும் ஆகட்டும். சேர்ந்து செய்யும் வேலை ஒன்றை இன்றே தொடங்கி வைத்துவிட்டுப் பிரிவோம். அந்தப் பாதை இருக்கும்வரை நம் வண்டிகள் வந்துகொண்டேயிருக்கும்.