ஆபரேஷன் முடிந்தால் போதுமா?

விருத்தாசலம் பீங்கான் ஊர். களிமண் கோப்பைக்குக் காது ஒட்டுகிற தொழிலாளிக்கு ஒரு சங்கதி நன்றாகத் தெரியும். விரிசல் விட்டால் ஒட்டுப் போட்ட இடத்தில்தான் விடும். ஒட்டியதோடு வேலை முடியாது. காயும்போது பார்க்க வேண்டும், சூளையில் வைக்கும்போதும் பார்க்க வேண்டும்.

பச்சிளங் குழந்தையின் தொண்டைக்கும் இதே கதைதான்!

சில குழந்தைகள் பிறக்கும்போதே உணவுக்குழல் அறுபட்டுப் பிறக்கின்றன. மேல் துண்டு பை மாதிரி மூடிக் கிடக்கும். கீழ்த் துண்டு பெரும்பாலும் மூச்சுக் குழலில் போய் ஒட்டியிருக்கும். ஏறக்குறைய 3,000 முதல் 4,500 பிரசவங்களில் ஒரு குழந்தைக்கு இப்படி நேர்கிறது. தாய் செய்த தவறு எதுவும் இதில் இல்லை. கிரகணமும் காரணம் இல்லை.

வாயில் நுரை நுரையாக எச்சில் வரும். பால் கொடுத்தால் புரையேறி உடம்பு நீலம் பாரிக்கும். பிறந்ததும் 'சேனை' தொட்டு வைக்கிறேன் என்று சர்க்கரைத் தண்ணீரை ஊற்றினால் அது நுரையீரலில் போய் இறங்கும்!

கண்டுபிடிக்க லட்ச ரூபாய் மெஷின் வேண்டியதில்லை. வாய் வழியாக ஒரு மெல்லிய ரப்பர் குழாயை விட்டுப் பார்த்தால் போதும். சுமார் 10 சென்டிமீட்டரில் முட்டிக்கொண்டு நிற்கும். ஒரு எக்ஸ்ரே எடுத்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

1941-ல் அமெரிக்காவில் கேமரன் ஹெயிட் என்ற சர்ஜன், அறுந்த இரண்டு முனைகளையும் நேராக இணைத்துத் தைத்து ஒரு பெண் குழந்தையைப் பிழைக்க வைத்தார். அதற்கு முன் இந்தக் குறையோடு பிறந்தவர்களில் பிழைத்தவர்கள் வெகு அபூர்வம். இன்று எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரியிலும், புதுச்சேரி ஜிப்மரிலும் இந்த ஆபரேஷன் நடக்கிறது. மற்ற பெரிய குறைகள் இல்லாத, எடை நன்றாக உள்ள குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள்.

நல்ல சேதிதான். ஆனால் கதை அங்கே முடிவதில்லை!

வீட்டுக்கு வந்த பிறகு

தைத்த இடத்தில் முதல் வாரத்திலேயே கசிவு வரலாம். அப்போது குழந்தை ஆஸ்பத்திரியில்தான் இருக்கும். சின்னக் கசிவானால் வாய் வழி பால் நிறுத்தி, மார்பில் குழாய் வைத்து, மருந்து கொடுத்தால் பெரும்பாலும் தானாகவே மூடிவிடும். டாக்டர்கள் பக்கத்திலேயே இருப்பதால் பயம் குறைவு.

பயம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

தைத்த இடம் ஆறும்போது சுருங்கும். மூன்றில் ஒரு பங்கு குழந்தைகளுக்கு, சில இடங்களில் அதற்கும் மேல், இந்தச் சுருக்கம் வருகிறது. ஐந்து நிமிடத்தில் குடித்த பாலை அரை மணி நேரம் குடிக்கும். குடித்தது திரும்பி வரும். ஆறாம் மாதம் இட்லியைப் பிசைந்து ஊட்டினால் தொண்டையில் நின்றுவிடும்.

இதற்கு வழி உண்டு. மயக்க மருந்து கொடுத்து, சின்ன பலூனை உள்ளே விட்டு ஊதி விரிப்பார்கள். ஒரு தடவையில் சரியாகாது. சில குழந்தைகளுக்கு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை, பல தடவை செய்ய வேண்டி வரும்.

வயிற்றுப் புளிப்பு மேலேறி வருவது இன்னொரு தொல்லை. அது சுருக்கத்தை இன்னும் இறுக்கும். அதற்காகத்தான் புளிப்பைக் குறைக்கும் மருந்தை மாதக் கணக்கில் கொடுக்கச் சொல்கிறார்கள். பிள்ளை நன்றாக இருக்கிறதே என்று பாதியில் நிறுத்துவது பெரிய தவறு.

மூச்சுக் குழல் மெலிந்திருப்பதால் இந்தக் குழந்தைகள் நாய் குரைப்பது போல இருமும். வளர வளர அது பெரும்பாலும் குறையும். ஆனால் பால் குடிக்கும்போது மூச்சு நின்று உடம்பு நீலமானால் அந்த நிமிடமே 108-ஐக் கூப்பிட வேண்டும். ஒவ்வொரு முறை குடிக்கும்போதும் இருமல், அடிக்கடி நிமோனியா என்றால், மூடிய துவாரம் மறுபடி திறந்திருக்கலாம். அதையும் சோதிக்க வேண்டும்.

தொக்கம் எடுக்கலாமா?

இந்த இடத்தில்தான் ஆபத்து கதவைத் தட்டுகிறது. குழந்தை சாப்பாட்டைக் கக்கினால் பக்கத்து வீட்டு ஆயா என்ன சொல்லுவார்? "தொக்கம் விழுந்திருக்கு, எடுத்துட்டு வந்துடு" என்பார். தொண்டையில் விரலை விடுவதும், ஊதுவதும், வயிற்றை நீவுவதும் சாதாரணக் குழந்தைக்கே ஆகாது. தையல் போட்ட தொண்டைக்கு எமன்! கழுதைப் பாலை ஒரு பாலாடை ஊற்றினாலும் சுருங்கிய குழல் விரியாது.

ஆயாவைக் குறை சொல்லிப் பயன் இல்லை. அவருக்கு யார் சொன்னார்கள்? டிஸ்சார்ஜ் சீட்டு இங்கிலீஷில் இருக்கிறது. அதைப் படித்துச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை.

பஸ் காசு யார் கொடுப்பது?

பொம்மைக்கு வர்ணம் பூசி, எண்ணிக்கைக்குக் கூலி வாங்கும் ஒரு தாயை நினைத்துப் பாருங்கள். விருத்தாசலத்திலிருந்து சென்னை 200 கிலோமீட்டருக்கு மேல். கைப்பிள்ளையோடு போக வர, கூடத் துணைக்கு ஒருவர். இரண்டு நாள் கூலி போச்சு. மூன்று வாரம் கழித்து மறுபடியும் இதே பாடு!

ஆபரேஷன் செலவை அரசு ஏற்கிறது. காப்பீட்டு அட்டை இருக்கிறது. போன கூலிக்கு எந்த அட்டை இருக்கிறது? நாலாவது தடவை போகவில்லை என்றால் அதைத் தாயின் அலட்சியம் என்று எழுதுவது நியாயமா?

2013-ல் மத்திய அரசு கொண்டுவந்த குழந்தைகள் பரிசோதனைத் திட்டத்தில் பிறவிக் கோளாறுகள் என்று 9 இனங்கள் பட்டியலாயின. உதட்டுப் பிளவு இருக்கிறது. வளைந்த பாதம் இருக்கிறது. உணவுக்குழல் அடைப்பு பெயர் சொல்லி அதில் இல்லை. பட்டியலில் பெயர் இல்லாத பிள்ளையைத் தேடி வீட்டுக்கு யார் வருவார்?

செய்ய வேண்டியது மலையைப் புரட்டும் வேலை அல்ல.

ஒன்று: நுரை தள்ளும் குழந்தைக்குப் பால் கொடுக்கும் முன் குழாய் விட்டுப் பார்ப்பது எல்லாப் பிரசவ வார்டிலும் கட்டாயமாக வேண்டும்.

இரண்டு: ஆபரேஷன் முடிந்து வரும் குழந்தைக்குத் தமிழில் ஒரு அட்டை. எது சாதாரணம், எது அவசரம், எந்தத் தேதியில் வர வேண்டும் என்று பெரிய எழுத்தில். அதன் நகல் கிராம சுகாதார நர்ஸிடம்.

மூன்று: சுருக்கத்தை விரிக்கும் வசதியை மாவட்டத்துக்குப் பக்கத்தில் உள்ள மருத்துவக் கல்லூரிகளில், மாதத்தில் குறிப்பிட்ட நாளில், குழந்தை சர்ஜன் வந்து செய்ய ஏற்பாடு. சிதம்பரத்திலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறதே!

நான்கு: தாய்க்கும் துணைக்கும் இலவச பஸ், ரயில் சீட்டு. போகும் நாளுக்கு ஒரு சிறு படி.

தாய்மார்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நிமிர்த்தி உட்கார வைத்து ஊட்டுங்கள். நன்றாக மசித்துக் கொடுங்கள். ஒவ்வொரு வாய்க்கும் நடுவே ஒரு மடக்குத் தண்ணீர். முறுக்கும் வேர்க்கடலையும் கறித் துண்டும் டாக்டர் சொல்லும் வரை வேண்டாம்.

1,200 டிகிரி சூட்டில் வேகும் பீங்கானை, ஒரு கீறல் இல்லாமல் வெளியே எடுக்கத் தெரிந்த ஊர் இது. டாக்டர்கள் ஒட்டிக் கொடுத்த பிஞ்சு உயிரை, விரிசல் விடாமல் பார்த்துக்கொள்ள அரசு கை கொடுக்குமா?