கைப்பின் அளவு

இப்பண்டிதன் மது நூல் இயற்றப் புகுந்தானோ என்று நண்பர் நகைக்கக்கூடும். நான் குடிப்பவனல்லன். ஆயினும் என் மருமகர் தம் இல்லத்தில் ஜின்னோடு டொனிக் நீரைக் கலந்து, பானம் கைக்கிறதென்று சீனிப்பாணியும் வார்க்கக் கண்டபோது வாளாவிருக்க இயலவில்லை.

கைப்பே அப்பானத்தின் உயிர். சின்கோனா மரப்பட்டையின் சத்தாகிய குயினைன் தருவது அது. 1820இல் பிரெஞ்சு அறிஞர் இருவர் அச்சத்தைப் பிரித்தெடுத்தனர். நம் ஹக்கலைப் பூங்காவும் 1861இல் இம்மரத்தை வளர்த்தற்கெனவே தொடங்கப்பட்டதன்றோ! 1934-35இல் மலேரியா இந்நாட்டில் பல்லாயிரவரைக் கொன்றபோது, ஊர்தோறும் மக்கள் இக்கைப்பையே வேண்டி நின்றனர். அதனைச் சீனியில் அமிழ்த்தி மறைப்பதை என் மனம் ஒப்பவில்லை.

டொனிக் நீரிற் சீனி முன்னரே உண்டு. மேலும் வார்ப்பது கூறியது கூறலென்னும் குற்றமாம். ஜின் ஒரு பங்குக்கு டொனிக் மூன்று பங்கு. இலேசாக வேண்டுவோர் நான்காக்குக. குவளை நிறையப் பனிக்கட்டி இடுக. குறைய இட்டால் அது விரைந்துருகிப் பானம் நீர்த்துவிடும். ஜின்னை முன்னும், நன்கு குளிர்ந்த டொனிக்கைப் பின்னும் மெல்ல வார்த்து, ஒருமுறை மட்டுங் கிளறி, தேசிக்காய்த் தோலொன்றை முறுக்கி இட்டால் மணம் எழும்.

மருந்தென்று கருதி இதனைப் பருகுவாரும் உளர். அது பேதைமை. அமெரிக்க விதிப்படி இந்நீரிற் குயினைன் பத்து இலட்சத்தில் 83 பங்குக்கு மேற்படலாகாது. காய்ச்சல் தீர்க்க அது எம்மாத்திரம்? கருவுற்ற மகளிரோ, ஜின் சேராத வெறும் டொனிக்கையும் விலக்குதல் நன்று.

மருமகர் அடுத்த குவளைக்குச் சீனிப்பாணி எடுக்கவில்லை. கைக்கிறதென்று மட்டும் மீண்டும் முறையிட்டார்.