எந்திரம் பாடுமா?

எந்திரம் வந்தால் வேலை போய்விடும் என்ற அச்சம் இன்று நேற்று வந்தது அல்ல. நெசவாளருக்கு வந்தது. அச்சுக் கோப்பவருக்கு வந்தது. பாட்டுக்காரருக்கும் வந்தது. அந்த அச்சத்தில் எவ்வளவு நியாயம் இருக்கிறது? இங்கிலாந்தில் புகழ் பெற்ற "ஹியூமன் லீக்" என்ற இசைக் கோஷ்டியின் கதை இதற்குப் பதில் சொல்லும்.

எஃகு நகரம்

ஷெபீல்டு, இங்கிலாந்தின் எஃகு நகரம். கத்திக்கும் கரண்டிக்கும் பெயர் பெற்ற ஊர். 1977-ம் ஆண்டில் அங்கே மார்ட்டின் வேர், இயன் கிரெய்க் மார்ஷ் என்ற இரு வாலிபர்கள் இந்தக் கோஷ்டியைத் தொடங்கினார்கள். இருவரும் கம்ப்யூட்டர் இயக்கும் வேலை பார்த்தவர்கள். பாடுவதற்கு பிலிப் ஓக்கி என்பவரைச் சேர்த்துக்கொண்டார்கள். அவர் ஆஸ்பத்திரிச் சிப்பந்தி!

அவர்களிடம் கிதார் இல்லை, முரசு இல்லை. "சிந்தசைசர்" என்ற மின்சார இசைக் கருவியே எல்லாம். கட்டையை அழுத்தினால் மின்சாரத் துடிப்பு நாதமாக மாறும். பல ஆண்டுகள் சங்கீதம் பயிலாதவரும், ஒரு விரலால் தட்டித் தட்டி மெட்டு அமைக்கலாம். உழைத்துப் பிழைக்கும் வாலிபர்களுக்கு இசை உலகின் கதவை எந்திரம் திறந்துவிட்டது.

பிளவு

ஆனால், கதவு திறந்ததும் வெற்றி வந்துவிடவில்லை. 1979-லும் 1980-லும் வந்த இரண்டு இசைத்தட்டுத் தொகுப்புகளும் பெரிதாக விலை போகவில்லை. 1980-ன் கடைசியில் கோஷ்டி உடைந்தது. வேரும் மார்ஷும் விலகினார்கள். கோஷ்டியின் பெயர் ஓக்கிக்குக் கிடைத்தது. கடனும் அவர் தலையில் விழுந்தது! ஐரோப்பாவில் கச்சேரிப் பயணம் தொடங்கச் சில நாட்களே இருந்தன.

ஓக்கி என்ன செய்தார்? உள்ளூர் நடன விடுதி ஒன்றில் ஆடிக்கொண்டிருந்த இரண்டு பெண்களைக் கண்டார். ஜோவன் கேத்தரால், சூசன் சல்லி என்பது அவர்கள் பெயர். ஒருத்திக்கு வயது 18, மற்றவளுக்கு 17. இருவரும் பள்ளி மாணவிகள். மேடை அனுபவம் கிடையாது. ஓக்கி அவர்களின் வீடுகளுக்குப் போய், பெற்றோரிடம் முறைப்படி சம்மதம் கேட்டார். சம்மதம் கிடைத்தது.

பழைய ரசிகர்களுக்கு இது பிடிக்கவில்லை. மேடையில் நின்ற பெண்களைக் கேலி செய்தார்கள். பெண்கள் பின்வாங்கவில்லை.

பெண்ணின் பதில்

1981-ல் "டேர்" என்ற தொகுப்பு வெளிவந்தது. முரசு ஒலியைக் கூட அதில் எந்திரமே எழுப்பியது. அதன் கடைசிப் பாட்டு, "டோன்ட் யூ வான்ட் மீ". ஓட்டலில் வேலை பார்த்த பெண்ணைத் தானே பெரியவள் ஆக்கியதாக ஓர் ஆண் பெருமை பேசுகிறான். "நீ இல்லாவிட்டாலும் முன்னுக்கு வந்திருப்பேன்" என்ற கருத்தில் அந்தப் பெண் பதில் சொல்கிறாள். அந்தப் பதிலைப் பாடியவர் சூசன்.

அந்தப் பாட்டைத் தனித் தட்டாக வெளியிட ஓக்கி விரும்பவில்லை. கம்பெனி வற்புறுத்தி வெளியிட்டது. இங்கிலாந்தில் 5 வாரம் முதல் இடம்! 1982-ல் அமெரிக்காவிலும் முதல் இடம்!

எந்திரத்தின் தாளம் மற்றவர்களிடமும் இருந்தது. கேட்டவர் நெஞ்சைத் தொட்டது, அந்தப் பெண்ணின் சாதாரணக் குரல்தான். விலகிப்போனவர்களும் கெட்டுவிடவில்லை. "ஹெவன் 17" என்ற கோஷ்டியை அமைத்துப் புகழ் பெற்றார்கள். மேடையில் கேலிக்கு ஆளான இரு பெண்களோ, 40 ஆண்டுகள் கடந்த பிறகும் ஓக்கியுடன் சேர்ந்து பாடினார்கள்.

அச்சமும் நியாயமே

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1982-ல் இங்கிலாந்து இசைக் கலைஞர் சங்கத்தின் லண்டன் கிளை ஒன்று, சிந்தசைசருக்குத் தடை கேட்டுத் தீர்மானம் போட்டது. நாடு முழுவதும் அந்தத் தடை வரவில்லை. ஆனாலும், கேட்டவர்களை மூடர் என்று ஒதுக்க முடியாது. பிடில் வாசித்தும் முரசு அடித்தும் குடும்பம் நடத்தியவர்கள் அவர்கள். வயிற்றுக் கவலை பொய் அல்ல.

அன்றைய எந்திரம், மனிதன் விரல் வைக்கும் வரை காத்திருந்தது. இன்று கம்ப்யூட்டர் தானே மெட்டுப் போடுகிறது. மனிதக் குரலைப் போலப் பாடவும் செய்கிறது. அதற்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தவை, மனிதர்கள் பாடி வைத்த பாட்டுகளே. ஆகவே, எந்திரத்தைத் தடுப்பதால் பயன் இல்லை. அதை உடைப்பதும் வழி அல்ல. பாடியவருக்கு உரிய கூலியையும் பெயரையும் சட்டம் காக்க வேண்டும். எளிய வீட்டுப் பிள்ளைக்குப் புதுக் கருவி எட்டும் விலையில் கிடைக்க வேண்டும்.

கதவைத் திறக்க எந்திரம் உதவட்டும். உள்ளே நுழைகிறவன் மனிதனாக இருக்கட்டும்!